ஃப்ரைபர்க் நாட்குறிப்பு: விளக்கு அணையும் என்றார்கள்

13 அக்டோபர் 2024, ஞாயிறு

நாளை வகுப்பு தொடங்குகிறது. ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில், சுற்றுச்சூழல் ஆளுகையில் முதுகலை. விசாவுக்காக வங்கியில் 11,208 யூரோவை முடக்கிக் காட்ட வேண்டியிருந்தது. அது போக, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்களிடம் இந்த மாநிலம் 2017 முதல் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. இயற்கையைக் காப்பாற்றப் படிப்பதற்கு இவ்வளவு கடனா என்று மாமா கேட்டதில் நியாயம் இருக்கிறது.

பழைய நகரத் தெருக்களில் குறுகலான வாய்க்கால்கள் ஓடுகின்றன. தவறிக் காலை விட்டால் இந்த ஊர்க்காரரைத்தான் கட்டிக்கொள்ள வேண்டுமாம். பார்த்துத்தான் நடக்கிறேன்.

20 அக்டோபர்

பெரும்பாலான காலி பாட்டில்களைத் திருப்பிக் கொடுத்தால் காசு கிடைக்கிறது. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்கு 25 சென்ட், பீர் பாட்டிலுக்கு 8 சென்ட். வகுப்பில் இதை நல்ல முன்மாதிரியாகக் காட்டினார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ரயில் நிலையத்தில் குப்பைத் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பாட்டில் தேடும் வயதானவர்களைப் பற்றி அந்த ஸ்லைடில் ஒரு வரி கூட இல்லை.

16 நவம்பர்

வோபானுக்குக் கூட்டிப்போனார்கள். பிரெஞ்சு ராணுவம் 1992-இல் காலி செய்த முகாம், இப்போது ஐயாயிரம் பேருக்கு மேல் வசிக்கும் குடியிருப்பு. வீட்டு வாசலில் காரை நிறுத்த முடியாது. கார் வைத்திருப்பவர் ஓரத்தில் இருக்கும் அடுக்குமாடி நிறுத்தத்தில் காசு கொடுத்து இடம் வாங்க வேண்டும். கார் இல்லாதவர் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பக்கத்திலேயே கட்டடக் கலைஞர் ரோல்ஃப் டிஷ் கட்டிய 59 வீடுகள். செலவழிப்பதைவிட அதிகமான மின்சாரத்தைக் கூரையிலேயே எடுக்கின்றன.

அழகான இடம். பிள்ளைகள் தெரு நடுவில் விளையாடுகிறார்கள். வாடகையைக் கேட்டதும் எனக்கும் இந்த இடத்துக்கும் சம்பந்தமில்லை என்று புரிந்தது.

8 டிசம்பர்

குளிர் பூஜ்யத்துக்கு வந்துவிட்டது. இருந்தாலும் தினமும் சில நிமிடம் ஜன்னலை முழுசாகத் திறந்து வைக்க வேண்டும் என்பது வாடகை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. இறுக மூடிய வீட்டில் ஈரம் தங்கினால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். ரசம் கொதிக்கும்போது நானும் திறக்கிறேன். அம்மாவிடம் சொன்னேன். “எய்யா, ஹீட்டரையும் போட்டு ஜன்னலையும் தொறப்பாங்களா? இதத்தான் படிக்கப் போனியா?”

22 பிப்ரவரி 2025, சனி

இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததே இன்றைய பயணத்துக்காகத்தான் என்று சொல்லலாம். எண்டிங்கன் வரை ரயில், அங்கிருந்து சைக்கிளில் வீல் கிராமம். கைசர்ஸ்டூல் மலைச்சரிவு முழுக்க இலை உதிர்ந்த திராட்சைக் கொடிகள்.

இங்கே ரைன் நதியோரக் காட்டில் அணுமின் நிலையம் கட்டப் போனார்கள். 1975 பிப்ரவரி 18 அன்று ஊர்க்காரர்கள் உள்ளே புகுந்து இயந்திரங்களை நிறுத்தினார்கள். 20-ஆம் தேதி போலீஸ் விரட்டியது. 23-ஆம் தேதி ஆயிரக்கணக்கானோர் திரும்பி வந்தார்கள், மாதக்கணக்கில் அங்கேயே தங்கினார்கள். மாணவர்களைவிட முந்திக்கொண்டவர்கள் திராட்சை விவசாயிகள். குளிர்விப்புக் கோபுரத்து நீராவி மூடுபனியாக இறங்கிக் கொடியைக் கெடுக்கும் என்பது அவர்கள் பயம். பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். காட்டுக்குள் மரக்குடில் போட்டு, மாலை நேரக் கல்லூரி ஒன்றே நடத்தினார்கள். கடைசியில் நிலையம் வரவேயில்லை. அந்த இடம் இன்று பாதுகாக்கப்பட்ட காடு. நினைவுக் கல்லில் அந்த வட்டார வழக்கிலேயே, “வேண்டாம்னு சொல்லியாச்சு” என்று வெட்டியிருக்கிறது.

கல்லைப் பார்த்ததும் இடிந்தகரை ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்? நான் வள்ளியூர்க்காரன். கூடங்குளம் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். மாதா கோயில் பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்களை டிவியில்தான் பார்த்தேன், அவ்வளவு பக்கத்தில் இருந்தும்.

நாளை இங்கே நாடாளுமன்றத் தேர்தல். மூடிய அணு உலைகளைத் திறக்கலாமா என்ற பேச்சும் பிரசாரத்தில் அடிபட்டது. ஐம்பது வருஷம் ஆகியும் விஷயம் முடிந்தபாடில்லை.

15 ஏப்ரல்

ஜெர்மனியின் கடைசி மூன்று உலைகளை நிறுத்தி இன்றோடு இரண்டு வருஷம். ஆய்வேட்டுத் தலைப்புக்காகப் பேராசிரியரைப் பார்த்தேன். வீலையும் கூடங்குளத்தையும் ஒப்பிடப் போகிறேன் என்றேன். ஒன்று ஜெயித்தது, ஒன்று தோற்றது, ஏன் என்று கேட்டார்.

நீதிமன்றம், போலீஸ், மத்திய அரசு என்று வழக்கமான பதில்களைத்தான் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். பேச ஆரம்பித்ததும் வேறு ஒன்று வந்தது. வீல் நிலையம் கட்டாவிட்டால் விளக்குகள் அணைந்துவிடும் என்று அன்றைய மாநில முதல்வர் ஃபில்பிங்கர் எச்சரித்தார். அணையவில்லை, மக்களும் நம்பவில்லை. எங்களுக்கு அப்படி ஒரு வசதி கிடைக்கவில்லை. 2012-இல் சென்னையைத் தாண்டினால் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு. விளக்கு ஏற்கெனவே அணைந்து கிடந்தது. மக்களின் அச்சம் தீரும்வரை பணியை நிறுத்தச் சொல்லி 2011 செப்டம்பரில் தீர்மானம் போட்ட மாநில அமைச்சரவை, 2012 மார்ச்சில் சரி என்றது. கடற்கரையில் மீனவர்கள் வேண்டாம் என்று நின்றபோது, உள்ளே எங்கள் பக்கம் பலபேர் கரண்ட் எப்போது வரும் என்றுதான் கேட்டார்கள். எங்கள் வீடு உட்பட.

“அப்படியானால் போராடியவர்களைப் பற்றி எழுதாதே, கரண்டுக்குக் காத்திருந்தவர்களைப் பற்றி எழுது” என்றார். தலைப்பு அப்படித்தான் முடிவானது.

ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு, முதல் பேட்டி உன்னுடையதுதான் என்றேன்.

“கரண்ட் போனதக் கேக்கவா இம்புட்டுக் கடன வாங்கிப் போன?” என்று ஒரு சிரிப்பு. அப்புறம் அவளே ஆரம்பித்தாள்: “சரி, எழுதிக்க. ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி மோட்டார் போட எந்திரிப்பேன்லா, அத மொதல்ல எழுது. மாவரைக்க எதிர்வீட்டுக்காரிகூடச் சண்டை போட்டதையும் எழுது, ஆனா அவ பேரப் போடாத.”