கோலமாவில் ஒரு குளியலறை

போன ஞாயிற்றுக்கிழமை வளவு வாசலில், அதாவது வீட்டு நடுமுற்றத்தில், அம்மா ஒரு கட்டம் போட்டார். ஏழடி நீளம், நாலரை அடி அகலம். நான் டேப்பைப் பிடிக்க, அவர் கோலமாவை இழுத்தார். எதிர்வீட்டு ஆச்சி எட்டிப் பார்த்து, "என்ன விசேஷம்?" என்றார். "பாத்ரூம்" என்றேன்.

தேவகோட்டையில் எங்களுடையது பழைய வீடு. பங்கு பிரிந்து பிரிந்து எங்களுக்கு மிஞ்சியது பின்கட்டும் கொல்லையும்தான். குளியலறை ஐயா காலத்தில் பின்கட்டுச் சுவரோடு ஒட்டிக் கட்டியது. தரையின் வாட்டம், அதாவது சரிவு, கதவைப் பார்த்து இருப்பதால் யார் குளித்தாலும் தண்ணீர் வாசலடியில் தேங்கும். போன மழைக்காலத்தில் அப்பத்தா அங்கேதான் வழுக்கி விழுந்தார். எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து தாழ் போடாமல்தான் குளிக்கிறார். அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறோம். அதன் அளவுதான் வாசலில் போட்ட கட்டம்.

எனக்குத் தரையில் ஆத்தங்குடிக் கல் பதிக்க ஆசை. கொத்தனார் அண்ணன் சிரித்தார். "தம்பி, அது சூளையில சுட்டது இல்ல. கண்ணாடி மேல சாயச் சிமெண்டை ஊத்தி, தண்ணியில ஊறப்போட்டு எடுக்கிற கல்லு. உங்க போர்த் தண்ணி உப்புக்கு மாசம் ஒருக்கா ஆசிட் ஊத்துவீக. பூவெல்லாம் போயிரும்." கல் முகப்போடு இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். தரைக்கு ஓரடிச் சதுரத்தில் சொரசொரப்பான டைல்ஸ். காரைக்குடிக் கடையில் நாலடி டைல்ஸைத்தான் எடுத்து எடுத்துக் காட்டினார்கள். அவ்வளவு பெரிய பலகையை வைத்துக்கொண்டு மூலைக்கு வாட்டம் எடுக்க முடியாது. அடிக்குக் கால் அங்குலம் வைத்தால் ஏழடிக்கு ஒன்றே முக்கால் அங்குலம் இறங்க வேண்டும். தண்ணீர் இனி உள்கோடி மூலைக்குப் போகும்.

பெரிய தலைவலி அந்தப் பின்கட்டுச் சுவர். செங்கல்லும் சுண்ணாம்பும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் கொஞ்ச வருஷத்தில் உப்பி உதிரும். முன்னால் இன்னொரு சுவர் எழுப்பலாம் என்றால் நாலரை அங்குலம் போய்விடும். இருப்பதே நாலரை அடி. அதனால் குழாயும் வாளியும் எதிர்ச்சுவருக்குப் போகின்றன. பழைய சுவர்ப்பக்கம் நனையாத பக்கம், கம்மோடு மட்டும். அதிலும் கழிவு தரைவழி இறங்கும் எஸ் ட்ராப்தான். சுவர்வழி போகும் பி ட்ராப் என்றால் சுவரைத் துளைக்க வேண்டும். அந்தப் பக்கம் அடுப்படி!

கோலக் கட்டத்துக்குள் கம்மோடு வரும் இடத்தில் ஸ்டூலைப் போட்டு அப்பத்தாவை உட்கார வைத்தோம். எதிர்ச்சுவர்க் கோட்டுக்கு 26 அங்குலம், முழங்கால் இடிக்கவில்லை. எழுந்திருக்கும்போது அவர் வலது கை தானாக எங்கே போகிறது என்று பார்த்தேன். 31 அங்குல உயரம். பிடிகம்பியை மூன்றடியில் வைக்கச் சொன்னார் கடைக்காரர். அவர் அப்பத்தாவைப் பார்த்ததில்லை.

சிங்கப்பூரிலிருந்து தம்பி வாட்ஸப்பில் கண்ணாடித் தடுப்புப் படங்களாக அனுப்பிக்கொண்டிருக்கிறான். உப்புக்கறையை அவன் வந்து துடைப்பதாக இருந்தால் வைக்கலாம். கதவு பிவிசி, வெளிப்பக்கம் திறக்கும்படி. உள்ளே யாராவது விழுந்துவிட்டால், உள்பக்கம் திறக்கும் கதவை அவர் உடம்பே அடைத்துக்கொள்ளும். அப்பா இதற்கு மட்டும் உடனே தலையாட்டினார்.

வியாழக்கிழமை இடிக்கிறார்கள். டைல்ஸ் ஒட்டுமுன் ஒருநாள் முழுக்கத் தண்ணீர் கட்டி ஒழுகலைப் பார்ப்பதாகக் கொத்தனார் வாக்குக் கொடுத்திருக்கிறார். வேலை முடியும்வரை குளியல் எதிர்வீட்டு ஆச்சி வீட்டில்.

சாயங்காலம் அப்பத்தா கம்பை ஊன்றிக்கொண்டு மறுபடியும் வந்தார். கோட்டை மிதிக்காமல், கதவுக்கென்று விட்டிருந்த இடைவெளி வழியாகவே உள்ளே போய், நாலு பக்கமும் அண்ணாந்து பார்த்தார்.

"சேலை போடக் கொடி எங்கடா கட்டுவே?"

கொடியை நாங்கள் யாருமே யோசிக்கவில்லை.