காவிரிக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது?

குடிமைப் பணித் தேர்வின் இறுதிக் கட்டமான ஆளுமைத் தேர்வுக்கு, அதாவது நேர்காணலுக்கு, 275 மதிப்பெண். முதன்மைத் தேர்வின் 1750 மதிப்பெண்ணோடு அதையும் சேர்த்து, மொத்தம் 2025 மதிப்பெண்ணுக்குத்தான் தரவரிசை கணக்கிடப்படுகிறது. தில்லி ஷாஜகான் சாலையில் உள்ள தோல்பூர் மாளிகையில் ஏறத்தாழ அரை மணி நேரம் நடக்கும் அந்த உரையாடல், ஒருவருக்கு எந்தப் பணி கிடைக்கும் என்பதையே மாற்றிவிடக்கூடும். மாதிரி நேர்காணல்களில் கேள்வி கேட்பவர்களின் வரிசையில் அமர்ந்து பார்த்தவன் என்ற முறையில், மாணவர்கள் பெரிதும் தடுமாறும் ஒரு கேள்வியைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன்.

"நீங்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர். கர்நாடகத்தில் மண்டியா மாவட்ட ஆட்சியராக இருக்கிறீர்கள். தமிழ்நாட்டுக்குக் காவிரி நீரைத் திறக்கக் கூடாது என்று விவசாயிகள் மறியல் செய்கிறார்கள். என்ன செய்வீர்கள்?"

பலர் தங்கள் நடுநிலையை நிரூபிக்க முனைந்து, இரு மாநில மக்களும் சகோதரர்கள் என்று தொடங்குகிறார்கள். வேறு சிலர் தமிழ்நாட்டின் உரிமைக்காக வாதாடத் தொடங்கிவிடுகிறார்கள். ஆட்சியரின் வேலை என்ன என்பதே கேள்வி என்பதை இரு சாராரும் தவற விடுகிறார்கள். கர்நாடகம் ஆண்டுதோறும் தமிழ்நாட்டுக்குத் திறந்துவிட வேண்டும் என்று காவிரி நடுவர் மன்றம் சொன்ன 192 டி.எம்.சி.யை உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தது; அத்தீர்ப்பைச் செயல்படுத்த அதே ஆண்டில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைக்கப்பட்டது. எனவே எவ்வளவு நீர் திறப்பது என்பது ஆட்சியரின் கையில் இல்லை என்று முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அதன் பிறகு, தம் மாவட்டத்தில் உள்ள கிருஷ்ணராஜசாகர் அணைக்குப் பாதுகாப்பு அளிப்பது, தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட வாகனங்கள் தாக்கப்படாமல் காப்பது, விவசாயிகளின் பிரதிநிதிகளை அழைத்துப் பேசுவது, பயிர் கருகியிருந்தால் இழப்பீட்டுக்கான கணக்கெடுப்பை உடனே தொடங்குவது என்று தம்மால் செய்யக்கூடியவற்றை வரிசைப்படுத்திக் கூறலாம்.

இதோடு கேள்வி கேட்பவர்கள் விட்டுவிட மாட்டார்கள். விரிவான விண்ணப்பப் படிவத்தைப் பார்த்தபடியே, "உங்கள் தந்தை தஞ்சாவூரில் விவசாயி ஆயிற்றே?" என்று அடுத்த கேள்வி வரும். இதை மறைக்கவோ, அதனால் எனக்கு எந்தப் பாதிப்பும் இல்லை என்று அடித்துச் சொல்லவோ தேவையில்லை. குறுவைக்குத் தண்ணீர் வராத ஆண்டில் ஒரு வீடு எப்படித் தவிக்கும் என்பதை அறிந்தவர், மண்டியா விவசாயியின் அச்சத்தையும் உணர்ந்து பேச முடியும் என்பதே நேர்மையான பதில். நான் கேட்டவற்றுள் மிகச் சிறந்த பதில்கள் இத்தன்மையனவே.

புள்ளிவிவரம் தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதியவர்கள் நேர்காணலிலும் தமிழிலேயே பதில் சொல்லலாம். ஆனால் இடையில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருப்பதால், நீண்ட வாக்கியங்களில் முடிவு தொலைந்துவிடும் ஆபத்து உண்டு. பயிற்சியின்போதே நண்பர் ஒருவரை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு பதிலையும் ஆங்கிலத்தில் சொல்லச் செய்து, அவர் திணறும் இடங்களில் உங்கள் வாக்கியத்தைச் சுருக்கிக்கொள்ளுங்கள்.