குலவை போட வேணும், வரி நோட்டுல மட்டும் வேண்டாமாக்கும்

2024 ஆகஸ்ட் 30ஆம் தேதி நியூசிலாந்துல பூர்வகுடி மாவோரி மக்களோட ராஜா டூஹெய்டியா இறந்துட்டாரு, செப்டம்பர் 5ஆம் தேதி அவரை அடக்கம் பண்ற அன்னைக்கே அடுத்த வாரிசையும் உக்கார வச்சாங்க, யாருன்னு பாத்தா மூத்தவனுங்க ரெண்டு பேரு இருக்க கடைக்குட்டிப் பொண்ணு, 27 வயசு. பேரு ஙா வாய் ஹோனோ இ தே போ (ங எழுத்துக்கும் ஒரு வேலை கிடைச்சிருச்சு பாத்தீங்களா). அங்க அப்பாவுக்கு அப்புறம் மூத்த மகன்தான்னு எழுதி வைக்கல, குலத் தலைவருங்க கூடிப் பேசித்தான் முடிவு பண்றாங்க. 1858ல முதல் ராஜாவுக்கு வச்ச அதே பைபிளை இவங்க தலையிலயும் வச்சாங்க. இவங்க பாட்டியும் 1966லேர்ந்து 2006 வரைக்கும் ராணியா இருந்தவங்கதான்.

நான் தாராவில பொறந்து வளந்தவ, அப்பாவுக்கு திருநெல்வேலி பக்கம், வீட்ல நாங்க ரெண்டும் பொண்ணுங்க. அந்தப் பொண்ண உக்கார வச்ச வீடியோவ பாத்ததுலேர்ந்து எங்க கோயில் கொடை வரி நோட்டுதான் மனசுல ஓடுது. வருஷா வருஷம் பெரியப்பா நைன்டி ஃபீட் ரோடு வீட்ல கட்டில்ல உக்காந்து நீள நோட்ட விரிச்சு வச்சு தலைக்கட்டு வரி எழுதுவாரு, கல்யாணம் ஆன ஆம்பளைக்கு ஒரு வரி. பொண்ணுன்னா புருஷன் வீட்டு கோயில்ல எழுதிக்கணும். மூணு வருஷமா வரிப்பணத்த ஜிபேல அனுப்புறது நானு, நோட்டுல ஏறுறது அப்பா பேரு, அவருக்கு அப்புறம் அந்த வரியே கிடையாது.

சரி மாவோரிங்க மட்டும் என்ன பெரிய சமத்துவமான்னா அப்படியும் சொல்ல முடியாது. மராய்னு அவங்க சபை கூடுற இடம் இருக்கு, வெளியாளுங்க வாசல்லயே நிப்பாங்க, உள்ள இருந்து ஒரு பொம்பளை நீளமா குரல் எடுத்து கூப்புடணும், வந்தவங்க பக்கத்துலேர்ந்து இன்னொரு பொம்பளை பதில் குரல் குடுக்கணும், செத்துப் போனவங்களையும் சேத்துத்தான் கூப்புடுவாங்க, அதுக்கப்புறம்தான் கால் எடுத்து வைக்கவே முடியும். அதுக்குப் பேரு கரங்கா. கிட்டத்தட்ட நம்ம குலவை மாதிரின்னு வச்சுக்கங்க, ஆனா இது வார்த்தையோட வர்றது. இவ்வளவு பெரிய வேலைய பொம்பளைக்கு குடுத்துட்டு முன்வரிசைல இருந்து எந்திரிச்சுப் பேசுறத நிறைய குலங்கள்ல ஆம்பளைங்களே வச்சுக்கிட்டாங்க. கிழக்குக் கரைல ஙாட்டி போரோ மாதிரி சில குலங்கள்ல பெரிய வீட்டுப் பொம்பளைங்க எந்திரிச்சுப் பேசுற வழக்கமும் உண்டு.

1998ல வைட்டாங்கிங்கிற ஊர்ல மராய்ல ஹெலன் கிளார்க் பேச எந்திரிச்சப்ப, அப்ப எதிர்க்கட்சித் தலைவி, அடுத்த வருஷமே பிரதமர் ஆனவங்க, டிட்டேவாய் ஹராவிராங்கிற மாவோரி அம்மா எதிர்த்துக் கத்தி அவங்கள அழவே வச்சுட்டாங்க. எங்க பொம்பளைங்களுக்கே இங்க பேச விடலியே, வெள்ளக்காரம்மா மட்டும் எப்படிப் பேசலாம்கிறதுதான் கேள்வி. கிளார்க்குக்கு பாவம்தான், ஆனா நான் அந்த அம்மா கட்சி.

எனக்கு ரொம்பப் பிடிச்சது வேற ஒண்ணு. ஆம்பளை பேசி முடிச்சதும் ஒரு பாட்டு பாடணும், அதுல பொம்பளைங்க குரல்தான் முக்கியம். மனுஷன் இழுத்துக்கிட்டே போனா இவங்க பாட்ட ஆரம்பிச்சுருவாங்க, அவரு வாய மூடிட்டு உக்கார வேண்டியதுதான். எங்க கோயில் கமிட்டி கூட்டத்துக்கு இது உடனே வேணும்.

வீடியோவ குடும்ப குரூப்ல போட்டேன். பெரியப்பா கும்பிடுற ஸ்டிக்கர் அனுப்புனாரு, அவ்வளவுதான். பெரியம்மா போன் போட்டு, "ஏட்டி, சித்திரை கொடைக்கு ஊருக்கு வரும்போது ஒம் பேர எழுதச் சொல்லிக் கேளு, நானும் கூட நிக்கேன், ஆனா வரி கணக்கு முடிக்கதுக்கு முன்னாடியே கேட்டுரு, முடிச்சுட்டாருன்னா அடுத்த வருசம்னு சொல்லிருவாரு"ங்கிறாங்க. நாகர்கோவில் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கு.