அண்ணாவின் கிளினிக் கொப்பியில் ஒரு பக்கம்

2024 செப்டெம்பர் 3

கிளினிக் நாள். விடியவே போயும் நாற்பத்தோராம் நம்பர்தான் கிடைத்தது. அண்ணாவைக் கூப்பிட மதியம் தாண்டிவிட்டது. அவருக்கு இருதுருவ மனநோய்: மனம் ஒருகாலம் அளவுமீறிப் பொங்கும், ஒருகாலம் இடிந்துபோகும். பதினாலு மாதமாக நல்ல சுகம், அதற்கான லித்தியம் குளிசையை ஒழுங்காகப் போடுகிறார். அதனால்தான் இன்றைக்குக் கேட்டோம்: திரும்ப வருத்தம் கூடினால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது என்று அவரே இப்போது எழுதித் தந்தால் கொப்பியில் சேர்த்து வைப்பீர்களா?

டொக்டர் நிமிரவில்லை. "அதெல்லாம் நாங்கள் பாப்பம் தங்கச்சி. மருந்தே வேண்டாம் எண்டு எழுதிக்கொண்டு வந்தால் நான் என்ன செய்யிறது?"

அவர் கெட்ட மனுசன் இல்லை. வெளியே இன்னும் முப்பது பேர் நிற்கிறார்கள். ஆனால் வீடு வரும்வரை, ஏ9 வீதி முழுக்க, அண்ணா ஒரு சொல் பேசவில்லை.

செப்டெம்பர் 8

பேசாமல் இருந்தவர் எழுதிவிட்டார். சீஆர் கொப்பியில் ஒரு ஒற்றை கிழித்து, நாலே நாலு வரி.

ஒன்று: நான் இரவில் கிணறு வெட்ட மண்வெட்டி எடுத்தால், விதைநெல்லைச் சும்மா அள்ளிக் கொடுத்தால், வருத்தம் தொடங்கிவிட்டது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். நான் மாட்டேன் என்றாலும்.

இரண்டு: ஹலோபெரிடோல் ஊசி வேண்டாம். 2011இல் கழுத்து ஒரு பக்கம் இழுத்து, தாடை பூட்டிக்கொண்டது. ஒலான்சபின் ஒத்துக்கொள்ளும்.

மூன்று: சீருடைக்காரரை விட்டுப் பிடிக்க வேண்டாம். அத்தான் வந்தால் ஏறுவேன்.

நாலு: என்னைக் கட்டி வைத்தால் அம்மாவை உள்ளே விட வேண்டாம்.

மூன்றாம் வரிக்கு வன்னியில் விளக்கம் தேவையில்லை. 2009இல் முள்ளிவாய்க்காலில் இருந்து முட்கம்பி முகாமுக்குப் போனவர் அவர். அப்போது மாதக்கணக்கில் குளிசையும் இல்லை.

முதலாம் வரியை நான் எத்தனை தரம் வாசித்தேனோ தெரியாது. டொக்டர் பயந்தது ஒன்று, அண்ணா எழுதியிருப்பது அதற்கு நேர் எதிர். மறுத்தாலும் கொண்டுபோங்கள் என்கிறாரே!

செப்டெம்பர் 15

இரண்டு நாளாக வாசிக்கிறேன். எங்கள் நாட்டில் மனநோய்க்கு இன்னமும் 1873ஆம் ஆண்டுச் சட்டம்தான். இப்படி ஒரு கடிதத்துக்கு அதில் இடமே இல்லை. இந்தியாவில் 2017ஆம் ஆண்டுச் சட்டம் இப்படி முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. டொக்டருக்கு உடன்பாடு இல்லையென்றால் மறுஆய்வுச் சபைக்குப் போகலாம். அவசர சிகிச்சைக்கு அந்தக் கடிதம் தடை இல்லை. ஆக, டொக்டர்மாரின் பயத்தையும் யோசித்துத்தான் எழுதியிருக்கிறார்கள்.

இங்கிலாந்தில், வருத்தம் கூடினால் என்ன செய்வது என்று நோயாளியும் வைத்தியக் குழுவும் சேர்ந்து எழுதும் திட்டத்தைச் சோதித்திருக்கிறார்கள். 2004இல் வெளியான ஆய்வில் 160 பேர். திட்டம் எழுதியவர்களில் 13 சதவீதம் பேரைத்தான் கட்டாயமாக வாட்டில் சேர்க்க வேண்டி வந்தது, மற்றவர்களில் 27. ஆனால் 2013இல் 569 பேரோடு பெரிதாகச் செய்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போய்விட்டது. எல்லா இடத்திலும் அது ஒழுங்காகச் செய்யப்படவில்லை என்று ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது விளங்குகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு மனம் இல்லாவிட்டால் அது வெறும் தாள்தான்.

ஒக்டோபர் 1

இன்றைக்கு வேறு டொக்டர், இளம்பிள்ளை. தாளை வாங்கி முழுக்க வாசித்தா. பிறகு என்னைப் பார்க்காமல் அண்ணாவைப் பார்த்துச் சொன்னா: "உயிருக்கு ஆபத்தெண்டால் நான் இதை மீறுவன். ஏன் மீறினனான் எண்டு எழுதியும் வைப்பன். சரியா?"

"அதையும் இதில எழுதுங்கோ டொக்டர்" என்றார் அண்ணா.

எழுதினா. வெயிலில் வயல் வேலை செய்து உடம்பில் தண்ணீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியம் ஏறும் என்று சொல்லி, கடைசி இரத்தப் பரிசோதனை அளவையும் சேர்த்தா. இரவு டியூட்டியில் இருப்பவருக்குத் தமிழ் தெரியாமல் இருக்கலாம் என்று பின்பக்கத்தில் ஆங்கிலத்திலும் எழுதிக் கையெழுத்து வைத்து, கொப்பியின் முன்மட்டைக்குள் இரண்டு ஸ்டேப்பிள் அடித்தா. பத்து நிமிசம்கூட ஆகவில்லை.

ஒக்டோபர் 4

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினோம். நாலாம் வரியில் நிறுத்தச் சொன்னா. "என்னை விடாமல் பிறகு ஆரை விடுறது?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் போய்விட்டா.

அண்ணா வெகுநேரம் திண்ணையில் இருந்தார். பிறகு பேனை எடுத்து அந்த வரியை வெட்டிவிட்டுக் கீழே எழுதினார்: அம்மா வரலாம். கட்டை அவிழ்த்த பிறகு.

ஒக்டோபர் 29

பழைய டொக்டர் வந்துவிட்டார். இளம் டொக்டருக்கு இடமாற்றமாம். கொப்பியைத் திறந்தவுடன் அந்தப் பக்கம்தான் முதலில் கண்ணில் பட்டது. "கழுத்து இழுத்தது எண்டு ஏன் முதலே சொல்லேல்லை?" என்று கேட்டார். மூன்று தரம் சொன்னது. அண்ணா ஒன்றும் பேசவில்லை, நானும் பேசவில்லை. சிவப்புப் பேனையால் மட்டையின் மேலேயே பெரிதாக எழுதினார்: ஹலோபெரிடோல் கொடுக்க வேண்டாம்.

மற்ற வரிகளைப் பற்றி ஒரு கதையும் இல்லை. மருந்துப் பெயர் இருக்கும் வரி அவருடைய மொழி, அது அவருக்குக் கேட்டுவிட்டது. சீருடை வரியும் அவருக்குக் கேட்க வேண்டும்.

அடுத்த கிளினிக் நவம்பர் 26. அத்தானையும் கூட்டிக்கொண்டு போகிறேன்.