பாடவேளை முடிந்தபின் எழுதும் குறிப்பு

தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை 2012-13 கல்வியாண்டில் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் அறிமுகமானபோது, வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண்ணும், பருவ முடிவில் நடக்கும் தேர்வான தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டன. பாடம் நடந்துகொண்டிருக்கும்போதே குழந்தை எங்கே நிற்கிறது என்று பார்த்து ஆசிரியர் தம் கற்பித்தலைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்பதே வளரறி மதிப்பீட்டின் நோக்கம். நடைமுறையில் அது பெரும்பாலும் பதிவேட்டில் ஏறும் ஓர் எண்ணாக நின்றுவிடுகிறது. நடுநிலை வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கும் நான், அந்த நோக்கத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு கோடு போட்ட நோட்டை நம்பியிருக்கிறேன். பாடவேளை முடிந்ததும் வகுப்பில் நடந்ததைச் சில வரிகளில் அதில் எழுதுவேன். மாலையில் அதைப் படித்து, அடுத்த நாள் பாடத்தை முடிவு செய்வேன். இந்தப் பழக்கத்தால் என்ன பயன் என்பதைத் தசம எண்கள் பாடத்தை வைத்துச் சொல்கிறேன்.

ஏழாம் வகுப்பில் 5.62, 5.38 ஆகிய இரண்டில் எது பெரியது என்று கேட்டால், ஏறக்குறைய வகுப்பு முழுவதும் சரியாகச் சொல்லிவிடும். 0.4, 0.35 என்று கேட்டால் பலர் 0.35 என்பார்கள். அப்படிச் சொன்ன ஒரு மாணவியிடம் காரணம் கேட்டேன். “நாலைவிட முப்பத்தஞ்சு பெருசுதானே சார்” என்றாள். அந்தப் பதிலை ஒரு சொல்லும் மாற்றாமல் நோட்டில் எழுதி வைத்தேன். மாலையில் படித்தபோது, அவள் காரணத்தை முதல் கேள்வியோடும் பொருத்திப் பார்க்கத் தோன்றியது. அதே காரணத்தால் 5.62ஐயும் 5.38ஐயும் ஒப்பிட்டாலும் சரியான விடையே கிடைக்கும்; அறுபத்திரண்டு முப்பத்தெட்டைவிடப் பெரியதுதான். ஆகவே, புள்ளிக்குப் பின்னால் இலக்கங்களின் எண்ணிக்கை சமமாக இருக்கும் கணக்குகளை மட்டும் கொடுக்கும் தேர்வில், இடமதிப்பைப் புரிந்துகொண்ட குழந்தையும் புரிந்துகொள்ளாத குழந்தையும் ஒரே மதிப்பெண்ணைப் பெற்றுவிடுவார்கள்.

அந்த எண்ணம் குழந்தைக்கு எங்கிருந்து வந்தது என்று தேடுவது குறிப்பெழுதும் வேலையின் அடுத்த பகுதி. கடையில் 10.50 என்று எழுதியிருப்பதைப் பத்து ரூபாய் ஐம்பது காசு என்று படிக்கிறோம். புள்ளிக்கு முன்னால் ஒரு முழு எண், பின்னால் இன்னொரு முழு எண் என்ற பழக்கம் அங்கேயே தொடங்கிவிடுகிறது. கிரிக்கெட் இதை இன்னும் உறுதியாக்குகிறது. 4.5 ஓவர் என்றால் நான்கு ஓவர்களும் ஐந்து பந்துகளும். அடுத்த பந்தோடு ஐந்தாவது ஓவர் முடிந்துவிடும். வகுப்பில் எல்லோருக்கும் இது அத்துபடி. எனவே, அந்த மாணவியின் பதிலைக் கவனக்குறைவு என்று ஒதுக்க முடியாது. அவள் அன்றாடம் பார்க்கும் உலகத்திலிருந்து ஒழுங்காகக் கற்றுக்கொண்ட ஒரு விதியைத்தான், அது பொருந்தாத இடத்தில் பயன்படுத்தியிருக்கிறாள். குழந்தையின் விடையை இப்படிப் பார்க்கத் தொடங்கிய பிறகு, திரும்பத் திரும்பப் பயிற்சிக் கணக்குக் கொடுப்பதில் எனக்கு இருந்த நம்பிக்கை மிகவும் குறைந்துவிட்டது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வு, 0.4 என்பதை 0.40 என்று எழுதிவிட்டு ஒப்பிடச் சொல்வது. விடை உடனே சரியாக வரும். ஆனால் நாற்பது முப்பத்தைந்தைவிடப் பெரியது என்று பார்க்கும்போது, குழந்தை தன் பழைய விதியைத்தான் மறுபடியும் பயன்படுத்துகிறது. பூச்சியத்தைச் சேர்த்தால் மதிப்பு ஏன் மாறுவதில்லை என்பது அதற்குத் தெரியாமலே போகிறது. அந்த உத்தி கடைசியில் வர வேண்டும் என்பது என் கருத்து. முதலில் மீட்டர் அளவுகோலை எடுத்து, 0.4 மீட்டரையும் 0.35 மீட்டரையும் தரையில் சாக்பீஸால் குறிக்கச் சொல்கிறேன். ஒவ்வொரு 10 சென்டிமீட்டரும் பத்தில் ஒன்று, ஒவ்வொரு சென்டிமீட்டரும் நூறில் ஒன்று என்பதைக் கையால் தொட்டுப் பார்த்த பிறகு, 0.3க்கும் 0.4க்கும் இடையில் ஓர் எண் சொல்லும்படி கேட்கிறேன். “நடுவுல ஒண்ணுமே இல்லை” என்று சொல்பவர் யார் என்பதில், எந்தத் தேர்வுத்தாளும் காட்டாத ஒன்று தெரிந்துவிடும். மளிகைக் கடையின் மின்னணுத் தராசு அரை கிலோவை 0.500 என்று காட்டுவதைப் பற்றிப் பேசுவதும், பூச்சியம் சேர்ப்பதும் அதற்குப் பிறகுதான்.

அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன், தொழிலில் தேர்ந்தவர்கள் சிந்திக்கும் முறையை 1983இல் இரண்டாகப் பிரித்துக் காட்டினார்: வேலை நடந்துகொண்டிருக்கும்போதே சிந்திப்பது ஒன்று, முடிந்த பிறகு திரும்பிப் பார்ப்பது மற்றொன்று. வகுப்பறையில் முன்னது பின்னதைச் சார்ந்திருக்கிறது என்பது என் அனுபவம். நாற்பது குழந்தைகள் முன்னால் இருக்கும்போது புதிதாக எதையும் யோசிக்க நேரம் கிடைப்பதில்லை. முந்தைய நாள்களின் குறிப்புகளில் ஊன்றிப் படித்த விஷயங்களே அந்த நொடியில் கைகொடுக்கின்றன. ஒரே நாளில் ‘அ’ பிரிவுக்கும் ‘ஆ’ பிரிவுக்கும் அதே பாடம் இருந்தால், இடைவேளையில் எழுதிய நான்கு வரிகளே இரண்டாவது பாடவேளையின் முதல் கேள்வியை மாற்றப் போதுமானவை.

எதை எழுதுவது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ‘மாணவர்கள் ஆர்வமாகப் பங்கேற்றனர்’, ‘பாடம் சிறப்பாக அமைந்தது’ போன்ற வரிகளால் யாருக்கும் பயனில்லை. பாடக்குறிப்பேட்டில் மேலதிகாரியின் பார்வைக்காக நிரப்பப்படும் கட்டங்களில் இத்தகைய வரிகள்தாம் வந்து விழும். சரிபார்க்கப்படும் இடத்தில் யாரும் தம் ஐயங்களை எழுத மாட்டார்கள். அதனால் என் நோட்டு பாடக்குறிப்பேட்டோடு சேராமல் தனியாக இருக்கிறது. அதில் குழந்தை சொன்ன சொற்கள், நான் கேட்ட கேள்வி, கரும்பலகையில் எழுதிய எண்கள் ஆகியவை முதலில் வரும். என் கருத்து அதற்குக் கீழே, ஒரு கோடு போட்டு, தனியாக இருக்கும். இரண்டையும் கலந்து எழுதினால், சில வாரங்கள் கழித்துப் படிக்கும்போது நடந்தது எது, நான் நினைத்தது எது என்று பிரித்தறிய முடியாது.

தனியாகச் சிந்திப்பதற்கு ஓர் எல்லையும் இருக்கிறது. ஜப்பானியப் பள்ளிகளில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிட்டு, அவர்களில் ஒருவர் அதை நடத்த, மற்றவர்கள் வகுப்பில் அமர்ந்து குழந்தைகள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று கவனித்து, பின்னர் கூடிப் பேசும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் நம் குறுவள மையக் கூட்டங்களில் சுற்றறிக்கைகளைப் படிக்கும் நேரத்தில் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கினால்கூடப் பெரிய பயன் கிடைக்கும். ஒருமுறை மதிய உணவு நேரத்தில் என் தசமக் குறிப்புகளைச் சக ஆசிரியை ஒருவரிடம் காட்டினேன். “சார், சில பேர் 0.45ஐவிட 0.3 பெருசுன்னு சொல்லுவாங்களே, அவங்களைக் கவனிச்சீங்களா?” என்று கேட்டார். பத்தில் ஒன்று நூறில் ஒன்றைவிடப் பெரியது என்று கற்ற குழந்தை, அதிலிருந்து இலக்கம் குறைந்தால் மதிப்பு கூடும் என்ற முடிவுக்குப் போய்விடுகிறது. அப்படி நினைப்பவர்களுக்கு 0.4, 0.35 கேள்வியில் சரியான விடையே கிடைக்கும் என்பதால், என் கேள்வியும் அவர்களைக் காட்டிக்கொடுப்பதில்லை. இப்போது இரண்டு ஜோடிகளையும் சேர்த்தே கேட்கிறேன். ஆறாம் வகுப்புக்குக் கணிதம் எடுக்கும் அந்த ஆசிரியை, தசமப் புள்ளி அறிமுகமாகும் முதல் வாரத்திலேயே இவற்றைக் கேட்டு, கிடைக்கும் பதில்களைத் தம் நோட்டில் எழுதிவருகிறார்.