நழுவினால் விட்டுவிடு

பயிற்சியில் ஒருமுறை என் கையிலிருந்து பிஸ்டல் நழுவியது. பிடிக்கப் பாய்ந்தேன். "விடு, விழட்டும்!" என்று கத்தினார் பயிற்சியாளர். நல்லவேளை, தோட்டா இல்லை. பாய்ந்து பிடிக்கும்போது விரல் ட்ரிக்கருக்குள் போய்விடுமாம். பெரிய ஆபத்தே அதுதான்.

அப்புறம் பிரித்துக் காட்டினார். ஸ்லைடுக்கு (பிஸ்டலின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதி) அடியில் பொத்தான் மாதிரி ஒரு சின்ன உலோகத் துண்டு. ட்ரிக்கரை இழுத்தால்தான் அது மேலே ஏறி, தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் ஊசிக்கு வழிவிடும். அதனால் சும்மா கீழே விழுந்தால் ஊசி நகராது. பழைய கௌபாய் ரிவால்வர்களில் இந்த வசதி ஏது? தோட்டாவை அடிக்கும் சுத்தியல் போன்ற பாகம் தோட்டாவின் மேலேயே உட்கார்ந்திருக்கும்; கீழே விழுந்தால் அந்த அடியிலேயே வெடித்துவிடலாம். அதனால்தான் ஆறு அறையில் ஒன்றைக் காலியாக விட்டார்கள்.

சரி, புதுசு என்றால் பயமில்லையா? 2017-இல் சிக் சாவர் பி320 துப்பாக்கிகள் சில, பின்பக்கம் ஒரு கோணத்தில் தரையில் மோதியபோது சுட்டுவிட்டன. ட்ரிக்கரின் சொந்த எடையே அதைப் பின்னால் தள்ளியிருக்கிறது! பிறகு எடை குறைந்த ட்ரிக்கர் மாற்றித் தந்தார்கள்.