பாதி அலை

சென்ற மாசியில் எங்கள் பள்ளிக்கூடப் பௌதிக சேர் காலமான செய்தி நமது வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது, கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் வாசல் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தேன். வரிசையாகக் கண்ணீர் அஞ்சலிகள். நடுவில் ஒருவன் கேட்டிருந்தான்: "டைனமோ எங்கே? சத்தத்தைக் காணோம்." டைனமோ நான்தான்; முப்பது வருடமாகியும் பட்டப்பெயர் போகவில்லை. அதன் வரலாற்றை நானே எழுதிவிடுகிறேன்.

காரணம் 1992ஆம் ஆண்டுப் பாடல்கள். தைப்பொங்கலுக்கு 'மன்னன்', ஆகஸ்டில் 'ரோஜா', தீபாவளிக்குத் 'தேவர் மகன்'. யுத்தகால யாழ்ப்பாணத்தில் படங்களை நாம் எங்கே பார்த்தோம்? பாட்டு மட்டும் எப்படியோ கடல் தாண்டி வந்து சேர்ந்தது. பாட்டுப் பதிந்து தரும் றெக்கோடிங் பாரில் சொல்லி, ஒரு பக்கம் இளையராஜா, மறுபக்கம் புதுப் பையன் ரகுமான் என்று ஒரு கசெற் அடித்து வாங்கினேன். மின்சாரம் இல்லை; விடுதியில் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, அதன் டைனமோவைக் கசெற் ரேடியோவுடன் இணைத்து, கையால் முறைபோட்டு மிதித்தோம். 'அம்மா என்றழைக்காத' வரும்போது மட்டும் ஒருவனும் கதைக்கமாட்டான்; யேசுதாஸ் முடிக்கும்வரை மிதிக்கிறவனும் முறை மாறமாட்டான்.

ஒரு நாள் சேரிடம் பிடிபட்டேன். அடிப்பார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பாடவேளைக்குச் சைக்கிளையும் ரேடியோவையும் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார். ரேடியோவின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தவர், வகுப்பைப் பார்த்துத்தான் பேசினார்.

"டைனமோ தருவது ஆடலோட்டம், திசை மாறி மாறி ஓடும் மின். இவர் ஒரேயொரு இருவாயியை, மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் டயோட்டை, பொருத்திப் பாதி அலையை எறிந்துவிடுகிறார். தம்பி, மற்றப் பாதி என்ன பாவம் செய்தது?"

விடை தெரியவில்லை. "அப்படியென்றால் மிதியும்" என்றார்.

மிதித்தேன். 'சின்னச் சின்ன ஆசை' ஒழுங்காகத்தான் தொடங்கியது. கை சோரச்சோர மின்மினியின் குரல் தடித்து, இரண்டாம் சரணத்தில் மீசை முளைத்த ஆண்குரலாகிவிட்டது. வகுப்பு மேசையில் தட்டிச் சிரித்தது. சேர் சிரிக்கவில்லை, மீடிறனை, அதாவது அதிர்வெண்ணை, பற்றிக் கரும்பலகையில் எழுதத் தொடங்கிவிட்டார். அது இன்னும் மோசம்.

மணியடித்த பிறகு ஆய்வுகூட லாச்சியைத் திறந்து மூன்று இருவாயிகளை எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார். ஒரு பற்றரிகூடக் கிடைக்காத காலம் அது. பதிவுக் கொப்பியில் என் பெயரை எழுதி, "பரீட்சை முடியத் திருப்பித் தர வேண்டும்" என்றார். அலையின் மற்றப் பாதியும் வீணாகாதபடி நான்கையும் பாலமாகக் கட்டிய அன்றிரவுதான் 'இஞ்சி இடுப்பழகி' இரைச்சலில்லாமல் பாடியது. ரகுமானின் பாட்டுகளுக்கு அடியில் அவ்வளவு ஆழமாக ஒரு நாதம் ஓடுவதும் அன்றுதான் காதில் விழுந்தது.

பரீட்சைவரை நான் நிற்கவில்லை. குடாநாட்டை விட்டு வெளியேற, கிளாலிக் கடனீரேரியில் ஓர் இரவு படகேறினேன், சேரிடம் சொல்லவில்லை. ரேடியோ வீட்டில் கிடந்தது. யுத்தத்தால் யாழ்ப்பாணமே வெளியேறிய 1995 இடப்பெயர்வுக்குப் பிறகு அந்த வீட்டில் கதவு நிலைகளே மிஞ்சவில்லை.

2003இல் ஏ9 பாதையால் ஊருக்குப் போனபோது சேரின் படலைவரை போனேன். சட்டைப்பையில், ரொறன்ரோவில் வாங்கிய மூன்று இருவாயிகள். சேர் மத்தியான நித்திரை, ஒரு மணித்தியாலத்தில் எழும்பிவிடுவார் என்றார்கள். வான்காரர் அவசரப்படுத்தினார் என்று இவ்வளவு காலமும் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். வான்காரர் எதிர்க்கடையில் ஆறுதலாகத் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.